கடலோரச் சிற்றூர்களையும் அவற்றின் விசித்திர அடையாளங்களையும் பார்க்கச் செல்வது எப்படி

கடலோரச் சிற்றூருக்குப் போய்வந்தவர்களில் பலர் கடற்கரையைப் பார்த்திருப்பார்கள். ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். மணலும் அலையும் பெரும்பாலான கரைகளில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஓர் ஊரை இன்னோர் ஊரிலிருந்து பிரித்துக் காட்டுவது அங்கே மட்டும் நிற்கும் ஏதோ ஒரு விந்தையான பொருள்தான்: திமிங்கலத்தின் தாடையெலும்பால் எழுப்பிய வளைவு, தகரம் போர்த்திய ஆறு மாடி யானை, கோபுரம் மட்டும் மணலுக்கு மேல் நிற்கும் தேவாலயம். இவற்றை வேடிக்கைப் பொருளாக நினைத்துப் படமெடுத்துக்கொண்டு நகர்வதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் இவை ஒவ்வொன்றும் அந்த ஊருக்கும் கடலுக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் எஞ்சி நிற்பவை. இது ஏன் இங்கே நிற்கிறது என்ற கேள்வியோடு போய், கடல் ஒரு முறையேனும் ஏறி வற்றும் வரை அங்கே இருந்து பார்ப்பவருக்கே ஊர் தன்னைக் காட்டும். அப்படிப் பார்க்க விரும்புகிறவருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுத்தல்

சுற்றுலாப் பட்டியல்களில் இருந்து தொடங்கினால் எல்லோரும் போகும் ஊர்களுக்கே போய்ச் சேருவீர்கள். வரைபடத்திலிருந்து தொடங்குவது நல்லது. கரையை ஒட்டிய பகுதியின் பெரிய அளவு வரைபடத்தை எடுத்து, கலங்கரை விளக்கம், கைவிடப்பட்ட படகுத்துறை, தனித்து நிற்கும் கோபுரம், எங்கும் போய்ச் சேராமல் கடலோரத்தில் முடிந்துவிடும் சாலை ஆகியவற்றைத் தேடுங்கள். அதே இடத்தின் பழைய வரைபடம் ஒன்று கிடைத்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழையதில் இருந்து புதியதில் காணாமற்போன தெருவோ, நிலத்துக்குள் தள்ளிப்போன கலங்கரை விளக்கமோ கண்ணில் பட்டால், போவதற்கு அதைவிடத் தக்க காரணம் வேண்டாம். இணையத்தில் தேடும்போது அந்த ஊர் மக்கள் பேசும் மொழியில், அவர்களுடைய எழுத்திலேயே தேடுவது பெரும் பயன் தரும். வெளியாருக்காக எழுதப்பட்ட பக்கங்களில் இல்லாத செய்திகள் ஊராட்சி அறிவிப்புகளிலும் உள்ளூர் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் கிடக்கும்.

ஒரு நாளில் மூன்று நான்கு ஊர்களை அடுக்கிக்கொள்ளும் திட்டம் வேண்டாம். ஒரு நாளுக்கு ஓர் ஊர், அதில் ஒன்றிரண்டு அடையாளங்கள் என்பதே சரியான அளவு என்று கருதுகிறேன். அந்த அடையாளம் திறந்திருக்கும் நாளையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் டன்ஜனஸ் அருகே, ரேடார் வருவதற்கு முந்திய காலத்தில் பகை விமானங்களின் ஓசையைப் பிடிப்பதற்காக 1928 முதல் 1930 வரை கட்டிய மூன்று பெரும் கான்கிரீட் ஒலி ஆடிகள் நிற்கின்றன. அவை பறவைகள் காப்பகத்துக்குள் நீர் சூழ்ந்த திட்டில் இருப்பதால், ஆண்டில் சில நாட்கள் மட்டுமே அருகே போக விடுகிறார்கள். மற்ற நாட்களில் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சிற்றூர் அருங்காட்சியகங்கள் பலவற்றைத் தன்னார்வலர்களே நடத்துவதால் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மட்டும் திறந்திருக்கக்கூடும். பருவம் முடிந்ததும் மூடிவிடுவதும் உண்டு.

எதற்காக நிற்கிறது என்று ஊகித்துப் பார்த்தல்

புறப்படும் முன்பே ஓர் ஊகம் கையில் இருப்பது நல்லது. பிழைப்பு, வழிகாட்டல், இழப்பு, வெளியாரை ஈர்க்கும் ஆசை ஆகிய நான்கில் ஒன்றோடு பெரும்பாலான கடலோர அடையாளங்கள் பொருந்திவிடும். சில ஒன்றுக்கு மேற்பட்டவற்றோடும் பொருந்தும்.

பிழைப்பிலிருந்து பிறந்தவை முதல் பார்வைக்குக் கட்டடக் கோளாறு போலத் தெரியும். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கரையில் தார் பூசிய கருப்பு மரக் கூடங்கள், ஒடுங்கிய அடித்தளத்தின் மேல் ஓங்கி நெருக்கமாக நிற்கின்றன. வலைகளையும் மீன்பிடிக் கருவிகளையும் நனையாமல் வைப்பதற்காகக் கட்டியவை அவை. கரையில் இடம் குறைவாக இருந்ததால் அகலத்துக்குப் பதில் உயரத்தில் வளர்ந்தன. போர்ச்சுகலின் கோஸ்டா நோவாவில் இன்று வண்ணப் பட்டைகளுக்காகப் படமெடுக்கப்படும் மரவீடுகளும் தொடக்கத்தில் மீனவர்கள் கருவிகளை வைத்த கிடங்குகளே. இங்கிலாந்தின் லின்டிஸ்ஃபார்ன் தீவில் பழைய மீன்பிடிப் படகுகளைக் குப்புறக் கவிழ்த்துக் கதவு பொருத்திக் கொட்டகைகளாக வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போக முடியாத படகைக்கூட வீணாக்காத கைகளை அவற்றில் காணலாம். இத்தகைய இடங்களில் பார்க்க வேண்டியது அலங்காரத்தை அல்ல. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பாரத்தை மேலே தூக்குவதற்கு வழி இருக்கிறதா, காற்று வரும் திசையில் சன்னல் உண்டா என்பவற்றைத்தான்.

வழிகாட்டலுக்காக எழுந்தவற்றை நிலத்திலிருந்து மட்டும் பார்த்தால் முழுமை பெறாது, ஏனெனில் அவை கடலிலிருந்து பார்ப்பவருக்காகக் கட்டப்பட்டவை. டென்மார்க்கின் ஸ்காகன் ஊரில், நகரும் மணல்மேடு தேவாலயத்தை ஆண்டுதோறும் மூடிக்கொண்டே வந்தது; வழிபடுவோர் மணலைத் தோண்டி உள்ளே போக வேண்டிய நிலை வந்து, 1795இல் அதைக் கைவிட்டார்கள். பின்னர் கட்டடத்தை இடித்தபோதும் வெள்ளையடித்த கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கடலோடிகள் கரையை அறிந்துகொள்ள அது உதவியது. இழப்பின் சின்னமாக எல்லோரும் படமெடுக்கும் அந்தக் கோபுரம், ஒரு பயன்பாட்டால் உயிர் பிழைத்தது என்பதே அதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. படகுச் சவாரி இருக்கும் ஊரில், அடையாளத்தைக் கடலிலிருந்து ஒரு முறை பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். அதன் நிறமும் உயரமும் ஏன் அப்படி அமைந்தன என்பது விளங்கிவிடும்.

வெளியாரை ஈர்ப்பதற்காகவே எழுப்பியவற்றை மலிவானவை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மார்கேட்டில் நிற்கும் லூசி என்ற யானையை, ஜேம்ஸ் லாஃபர்ட்டி என்பவர் 1881இல் மனை விற்பதற்காகக் கட்டினார். வாங்க வருகிறவர்களை யானையின் முதுகிலுள்ள அம்பாரிக்கு ஏற்றி, விற்க வேண்டிய நிலத்தை அங்கிருந்தே காட்டுவது அவர் எண்ணம். விளம்பரமாகப் பிறந்த அந்த மரமும் தகரமும் சிதைந்து இடிபடும் நிலைக்கு வந்தபோது, 1970இல் ஊர் மக்கள் பணம் திரட்டி அதை வேறிடத்துக்கு நகர்த்திக் காப்பாற்றினார்கள். 1976இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. ஜப்பானின் நோட்டோ ஊர் 2021இல், தன் முதன்மையான மீன்வளமான கணவாயின் 13 மீட்டர் நீள உருவத்தை வைத்தபோது, பெருந்தொற்று நிவாரண நிதியிலிருந்து 2.5 கோடி யென்னை அதற்குச் செலவிட்டது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. பிறகு அதைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2024 சனவரி முதல் நாளன்று நிலநடுக்கம் அந்த ஊர் இருக்கும் நோட்டோ தீபகற்பத்தையே உலுக்கியது. ஆகையால் அங்கே போக நினைப்பவர் சாலைகளின் நிலையையும் தங்கும் வசதியையும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மீண்டெழுந்துகொண்டிருக்கும் ஊரில் விருந்தினர் நடந்துகொள்ளும் முறையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

கடலின் நேரத்துக்குத் திட்டமிடல்

வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடும் பகுதி இது. பயணம் வெல்வதும் தோற்பதும் இதில்தான். கரையோர அடையாளங்கள் பல, கடல் வற்றும்போது ஒரு பொருளாகவும் ஏறும்போது வேறொரு பொருளாகவும் தெரியும். வற்றிய நேரத்தில் கப்பல் உடைசலின் விலா எலும்புகளும் பழைய துறையின் மரக்கால்களும் வெளிப்படும். ஏறிய நேரத்தில் அதே இடத்தில் தண்ணீர் மட்டுமே இருக்கும். ஆகவே தங்கும் இடத்தைத் தேடுவதற்கு முன்பே அந்த ஊருக்குரிய ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலைப் பாருங்கள்.

பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிட இடைவெளி இருக்கும். அதனால் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வந்த ஏற்றம் மறுநாள் எட்டு மணி ஐம்பது நிமிட அளவில் வரும். அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகவும் உயரும், வற்றமும் மிகவும் தாழும். வேறு நாட்களில் காண முடியாத அடிப்பகுதிகளைப் பார்க்க விரும்புவோர் அந்த நாட்களைத் தேர்ந்துகொள்ளலாம். மத்தியதரைக் கடல், பால்டிக் கடல் ஆகியவற்றின் பெரும்பகுதியில் ஓதத்தின் வேறுபாடு மிகக் குறைவு; அங்கே நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைப்பதில் காற்றுக்கும் காற்றழுத்தத்துக்குமே பங்கு அதிகம். மெக்சிகோ வளைகுடாவின் சில பகுதிகளில் நாளுக்கு ஒரே ஓர் ஏற்றம்தான் வரும்.

ஏறும் கடல் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஏறத்தாழ ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகக் கொண்டால், முதல் மணியில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டும், மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்றும், ஐந்தாவதில் இரண்டும், கடைசி மணியில் ஒன்றும் ஏறும் என்பது கடலோடிகள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. ஏற்றம் ஆறு மீட்டர் உள்ள கரையில் முதல் மணியில் அரை மீட்டர் ஏறிய தண்ணீர், மூன்றாம் மணியில் ஒன்றரை மீட்டர் ஏறும். முதல் மணி நேரத்தின் வேகத்தைப் பார்த்து இன்னும் நேரம் இருக்கிறது என்று நம்பிப் பாறைகளுக்கு நடுவே நிற்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். வற்றம் முடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக இறங்கி, தண்ணீர் திரும்பியதும் ஏறிவிடுவது பாதுகாப்பான வழக்கம்.

ஊருக்குப் போகும் சாலையே கடலுக்குள் மறையும் இடங்களில் இந்தக் கணக்கோடு நில்லாமல், அதிகாரபூர்வமாக வெளியிடப்படும் கடக்கும் நேரத்தை அப்படியே பின்பற்ற வேண்டும். லின்டிஸ்ஃபார்னுக்குப் போகும் சாலையை நாளுக்கு இரு முறை கடல் மூடுகிறது. வழியில் மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உயிர் தப்புவதற்காக உயரமான கால்களின் மேல் சிறு அறை ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பிரான்சில் நுவார்மூத்தியே தீவை நிலத்தோடு இணைக்கும் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட குவா பாதையிலும் அதே நோக்கத்துக்காக ஏறுகம்பங்கள் நிற்கின்றன. அந்தப் புகலிடங்களே அந்தப் பாதைகளின் மிக விந்தையான அடையாளங்கள். அவற்றைக் காரை விட்டிறங்காமல், நேரத்தோடு கடந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

ஒளியின் திசையையும் கணக்கில் கொள்ளுங்கள். கிழக்கு நோக்கிய கரையில் கடலைப் பார்த்து நிற்கும் அடையாளத்தின் முகத்தில் காலையில் வெளிச்சம் விழும். மேற்குக் கரையில் பிற்பகல்தான் ஏற்றது.

அருகே நின்று பார்த்தல்

ஊரின் எல்லையிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து போவது நல்லது. இறங்குதுறை, மீன் ஏலம் நடக்கும் இடம், வழிபாட்டுத் தலம், கல்லறைத் தோட்டம் ஆகியவற்றைக் கடந்து அடையாளத்தை அடையும்படி வழியை அமைத்துக்கொண்டால், அதைச் சூழ்ந்த வாழ்க்கை முதலில் கண்ணில் படும். கல்லறைக் கற்களில் ஒரே தேதியில் இறந்த பலரின் பெயர்கள் இருந்தால், அந்த ஊரின் நினைவுச் சின்னத்துக்கு உரிய விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

இங்கிலாந்தின் விட்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1753இல் தொடங்கிய திமிங்கல வேட்டை அந்த ஊரை வளர்த்தது. அதன் நினைவாகவே மேற்குக் குன்றில் தாடையெலும்பு வளைவு நிற்கிறது. இன்று அங்கே இருப்பது பழைய எலும்பு அல்ல. கடற்காற்றில் அது சிதைந்துபோனதால், அலாஸ்காவிலிருந்து வந்த எலும்பை 2003இல் நிறுத்தினார்கள். வளைவின் ஊடாகப் பார்த்தால் எதிர்க்குன்றில் தேவாலயமும் மடத்தின் இடிபாடும் தெரியும். அங்கே ஏறுவதற்கு 199 கற்படிகள் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள். எண்ணுவதில் தவறில்லை, ஆனால் எண்ணிக்கையில் மனம் போனால் படிகளின் அமைப்பைத் தவறவிடுவோம். இடையிடையே படி அகன்று தளமாக விரிகிறது. அங்கே நீண்ட பலகை இருக்கைகள் இருக்கின்றன. குன்றின் மேலுள்ள கல்லறைத் தோட்டத்துக்குச் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து ஏறியவர்கள் அதை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்காக அமைத்த இடங்கள் அவை. அந்த இருக்கையில் அமர்ந்து துறைமுகத்தைத் திரும்பிப் பார்ப்பவருக்கு, இறந்தவரைச் சுமந்து ஏறியவர்கள் எந்தக் காட்சியைப் பார்த்து இளைப்பாறினார்கள் என்பது புரியும். ஓர் அடையாளத்தின் முன் குறைந்தது அரை மணி நேரமாவது நிற்க வேண்டும் என்று நான் சொல்வது இத்தகைய செய்திகளுக்காகவே: சுற்றிவந்து பின்புறத்தைப் பாருங்கள், தேய்ந்த இடத்தையும் புதிதாகப் பூசிய இடத்தையும் பிரித்தறியுங்கள், யார் பணத்தில் எந்த ஆண்டில் எழுந்தது என்று சொல்லும் கல்வெட்டைத் தேடுங்கள்.

கதை கேட்கும் முறை

எந்த ஊரிலும் அடையாளத்துக்கு ஒரு கதை இருக்கும். அதை நம்புவதற்கும் ஒதுக்குவதற்கும் நடுவே ஒரு நிலை உண்டு. நெப்போலியன் காலப் போரின்போது உடைந்த பிரெஞ்சுக் கப்பலிலிருந்து கரையேறிய குரங்கை ஒற்றன் என்று கருதி இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் ஊர் மக்கள் தூக்கிலிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. அதற்கு வரலாற்றுச் சான்று ஏதும் இல்லை. ஆயினும் பிறர் ஏளனம் செய்யச் சொன்ன அந்தக் கதையை ஊரே தன்னுடையதாக்கிக்கொண்டு குரங்குக்குச் சிலை வைத்தது. 2002இல் அங்கே நடந்த மேயர் தேர்தலில், கால்பந்துக் குழுவின் குரங்கு வேடக்காரராக இருந்தவரே வென்றார். கதை நடந்ததா என்பது ஒரு கேள்வி. ஊர் அதை ஏன் விடாமல் வைத்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஆரிகன் கரையில் ஃப்ளாரன்ஸ் ஊரின் கதை இதற்கு நேர்மாறானது. நம்ப முடியாததாக இருந்தும் முழுக்க உண்மை. 1970 நவம்பர் 12 அன்று, அருகிலிருந்த கரையில் ஒதுங்கி அழுகிய திமிங்கலத்தை அரை டன் டைனமைட்டால் சிதறடிக்க முயன்றார்கள். பறந்து விழுந்த பெரிய கொழுப்புத் துண்டு தொலைவில் நின்ற காரை நசுக்கியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2020இல், ஊர் தன் புதிய பூங்காவுக்கு அந்த வெடித்த திமிங்கலத்தின் பெயரையே சூட்டியது.

கதை கேட்க ஏற்ற நேரம், வேலை முடிந்து வலை சீர்செய்யும் நேரமோ கடை ஓய்ந்திருக்கும் நேரமோதான். மீன் இறங்கும் பரபரப்பில் குறுக்கே நின்று கேள்வி கேட்பது முறையல்ல. இந்த ஊரில் விசித்திரமாக என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த பதிலே வரும். இது இல்லாமல் போனால் ஊரில் யார் வருந்துவார்கள், இதைப் பழுது பார்ப்பது யார், உங்கள் சிறுவயதில் இது எப்படி இருந்தது என்று கேளுங்கள், பேச்சு விரியும். முகங்களைப் படமெடுக்கும் முன் அனுமதி பெறுங்கள். உயிரிழந்தவர்களுக்கான நினைவிடத்தில் ஏறி அமர்ந்து படமெடுப்பதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அந்தப் பெயர்களுக்குரியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் வாழக்கூடும்.

எடுக்கக் கூடாதவையும் எச்சரிக்கைகளும்

கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் ஊரில் 1967 வரை மக்கள் குப்பையைக் கடலோரத்தில் கொட்டினார்கள். கொட்டிய கண்ணாடியை அலை பல பத்தாண்டுகள் உருட்டித் தேய்த்துப் பளபளக்கும் கூழாங்கற்களாக்கியது. கண்ணாடிக் கடற்கரை என்று புகழ்பெற்ற அந்த இடத்தில், வருகிறவர்கள் எடுத்துச் செல்வதாலேயே கண்ணாடி குறைந்துகொண்டு வருகிறது. மாநிலப் பூங்கா எல்லைக்குள் எடுப்பதற்குத் தடையும் உண்டு. கிளிஞ்சலோ, கண்ணாடியோ, உடைசலின் ஆணியோ, ஒருவர் எடுப்பது சிறியதாகத் தோன்றினாலும் கரை எல்லோருக்கும் சேர்த்தே கணக்கு வைக்கிறது. கையில் எடுத்துப் பாருங்கள், படமெடுங்கள், இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

திறந்த பெருங்கடலை நோக்கிய கரைகளில், அமைதியாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென ஓர் அலை மற்றவற்றைக் கடந்து வெகுதூரம் ஏறிவரும். ஐஸ்லாந்தின் வீக் ஊருக்கு அருகிலுள்ள ரேனிஸ்ஃப்யாரா கருமணல் கரையில் உயிரிழப்புகள் நேர்ந்த பிறகு, அபாய நிலையைக் காட்டும் எச்சரிக்கை விளக்குகளை வைத்திருக்கிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிப் படமெடுக்காதீர்கள். ஈரம் படிந்த பாறை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அலை அங்கே வரும் என்றே கொள்ளுங்கள். செங்குத்துக் குன்றின் விளிம்பிலும் அதன் அடிவாரத்திலும் நிற்க வேண்டாம். கைபேசி சமிக்ஞை கிடைக்காத கரைகள் பல இருப்பதால், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போவதும், கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காகிதத்தில் குறித்துவைப்பதும் அவசியம்.

எதை முதலில் பார்ப்பது

போக வேண்டிய ஊர்களின் பட்டியல் நீண்டுவிட்டால், கடல் அரிக்கும் கரையில் உள்ளவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். சிலவற்றைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கத்தை 1999இல் அப்படியே தூக்கி 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்; டென்மார்க்கின் ரூப்யெர் க்னூட் கலங்கரை விளக்கம் 2019 அக்டோபரில் தண்டவாளத்தின் மேல் எழுபது மீட்டர் பின்வாங்கியது. எல்லாவற்றுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. தரங்கம்பாடியில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இங்கிலாந்தின் ஹேப்பிஸ்பரோவில் 1790ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் இன்னும் எரிகிறது. ஆனால் அந்த ஊரில் கடலோரச் சாலையும் அதன் வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழுந்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஊருக்குப் போகும்போது பழைய வரைபடத்தின் பாதையை நம்பாமல், மூடப்பட்ட வழிகளைப் பற்றிய உள்ளூர் அறிவிப்பை அன்று காலையிலேயே பாருங்கள். அங்கே தங்கி, அங்கே உண்டு, பராமரிப்பு நிதிக்கான உண்டியலில் இயன்றதைப் போடுங்கள். நீங்கள் எடுத்த படங்களில் நாளும் நேரமும் ஓத நிலையும் குறித்து உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தால், கரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்கிடுபவர்களுக்கு அவை பயன்படக்கூடும்.